போர்க்கால உழைப்பும் தோட்டப் பெண்ணும்: இலக்கியத்தின் மௌனம் பற்றிய ஒரு நோக்கு

1

உலகப் போர்கள் பெண்ணின் சமூக நிலையை மாற்றியமைத்தன என்பது நவீன வரலாற்றெழுத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் கூற்றாகும். ஆடவர் போர்முனைக்குச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற பட்டறைகளிலும் பணிமனைகளிலும் பெண்கள் புகுந்தனர். உழைப்பு ஊதியத்தைத் தந்தது. ஊதியம் உரிமையுணர்வைத் தந்தது என்பதே அக்கூற்றின் சாரம். 1941 டிசம்பரில் மணமாகாத இளம்பெண்களைத் தேசிய சேவைக்குக் கட்டாயமாக அழைக்கும் சட்டத்தைப் பிரித்தானியா நிறைவேற்றியமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. போர் முடிந்ததும் அப்பெண்களுட் பலர் மீண்டும் அடுக்களைக்கு அனுப்பப்பட்டனர் என்பதையும், போர்க்காலத்திலே திறக்கப்பட்ட குழந்தை காப்பகங்கள் பல மூடப்பட்டன என்பதையும் அதே வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடத் தவறுவதில்லை.

இக்கூற்றுக்கு மார்க்சியச் சிந்தனையிலும் ஓர் ஆதாரம் உண்டு. குடும்பத்தின் தோற்றம் பற்றி 1884 இல் எழுதிய ஏங்கல்ஸ், பெண் சமுதாய உற்பத்தியில் மீண்டும் பங்குகொள்வதே அவளது விடுதலைக்கு முதல் நிபந்தனை என வாதித்தார். முற்போக்காளர் பலர் இவ்வாதத்தைச் சுருக்கி, உழைக்க வந்த பெண் விடுதலையின் வாயிலை அடைந்துவிட்டாள் என்று கொண்டனர். முதல் நிபந்தனை என்பது ஒரே நிபந்தனை எனப் பொருள்படாது என்பதை நம்மிற் பலர் போதிய அளவு மனங்கொண்டதில்லை.

இவ்விரு கருத்துக்களையும் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற களம் நமது நாட்டிலேயே உண்டு. தொழிற்சாலைக்குள் பெண் புகுவதற்குப் போர் தேவைப்பட்ட சமுதாயங்களிலிருந்து அந்த நியாயம் பெறப்பட்டது. போருக்கு மிக முன்னரே, பரம்பரை பரம்பரையாகக் கூலியுழைப்பில் ஈடுபடுத்தப்பட்டிருந்த பெண்ணின் நிலையில் போர் யாது செய்தது? அதனை நமது இலக்கியம் எவ்வாறு கண்டது, அல்லது காணத் தவறியது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

2

மாத்தளை நகரிலிருந்து றத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் நோக்கி ஏறும் பாதை நமது பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் குறுக்குவெட்டு முகம் போன்றது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் கொக்கோவும் மிளகும். அதற்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே நக்கிள்ஸ் மலைத்தொடரின் காட்டு நிழலில் நெடுங்காலம் பயிரிடப்பட்டு வந்த ஏலம். இன்று ரிவர்ஸ்டன் என்னும் பெயர் காற்றையும் மூடுபனியையும் தேடிவரும் உல்லாசப் பயணிகளுக்கே பெரிதும் பரிச்சயமானது. 2000 ஆம் ஆண்டு நக்கிள்ஸ் வனம் பாதுகாப்புக்குரியதாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இயற்கை எழில் என்று போற்றப்படும் அச்சாரலில் மனித உழைப்பின் தழும்புகள் எத்துணை என்பதைப் பிரகடனங்கள் பேசுவதில்லை.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரில் இறங்கி, காடு வழியே தம்புள்ளையூடாக நடந்து மலைநாட்டுக்கு ஏறியபோது மாத்தளை அவர்களது முக்கியமான தங்குமிடமாயிற்று. பருவத்துக்கு வந்து பருவத்துக்கு மீண்ட கோப்பித் தொழிலாளருள் ஆடவரே மிகுதி. தேயிலை இந்நிலையை மாற்றிற்று. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய பயிருக்கு நிரந்தரமாகத் தங்கும் தொழிலாளர் வேண்டும். குடும்பம் குடும்பமாகக் குடியேற்றினாலன்றி அது கைகூடாது. இவ்வாறு தோட்டத் தொழிலாளருள் ஏறத்தாழச் சரிபாதியினர் பெண்களாயினர். கவ்வாத்து வெட்டுவது, கான் வெட்டுவது ஆடவர்க்கும், கொழுந்து பறிப்பது பெண்களுக்கும் என வேலை வகுக்கப்பட்டது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் ஆடவரே.

ஆகவே, ஏங்கல்ஸ் கூறிய முதல் நிபந்தனையை மலையகப் பெண் ஐரோப்பியத் தொழிற்சாலைப் பெண்ணுக்குச் சளைக்காத வகையில் நிறைவேற்றியிருந்தாள். உலகச் சந்தைக்கான உற்பத்தியின் மையத்திலேயே அவள் நின்றாள். ஆயின் அவளது 'வீடு' தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துக் காம்பரா. அவளது பிள்ளையைப் பகலில் வைத்திருந்தது தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. அவளது நாளைத் தொடக்கி வைத்தது பிரட்டுக்களம். வீடும் வேலைத்தலமும் ஒரே முதலாளியின் உடைமையாக இருக்குமிடத்து, வீட்டை விட்டு வேலைக்கு வருவதால் விடுதலை என்ற சூத்திரம் பொருளிழந்து போவதைக் காண்கிறோம்.

3

இரண்டாம் உலகப் போர் இவ்வமைப்பின்மீது பல திசைகளிலிருந்து அழுத்திற்று. 1939 ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. புதிய கைகள் வாராது போகவே, உள்ள கைகளையே தோட்டங்கள் முழுமையாக நம்ப வேண்டியதாயிற்று. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமானபின், நேச நாடுகளின் கையில் எஞ்சிய இயற்கை இறப்பரின் தலையாய மூலம் இலங்கையே. மரத்தின் எதிர்காலத்தைப் பொருட்படுத்தாது இயன்றவரை பாலெடுக்கும் கடும் வெட்டுமுறை ஊக்குவிக்கப்பட்டது. பிரித்தானிய மக்களுக்கும் படையினர்க்கும் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட தேயிலையை அந்நாட்டு அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்தது. மாத்தளையின் தாழ்சரிவுகளில் பால் வெட்டியவர்களும் உயர்சரிவுகளிற் கொழுந்து எடுத்தவர்களும் பெயர் சூட்டப்படாத ஒரு போர்த்தொழிலில் ஈடுபட்டிருந்தனர் எனில் மிகையாகாது.

இதேவேளை பர்மா வீழ்ந்ததால் அரிசி வரத்து நின்றது. 1942 இல் பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. ரொட்டி தோட்டத்து உணவாக நிலைபெற்றமைக்கு இக்காலம் முக்கிய காரணமாகும். உணவுத் தட்டுப்பாடு என்பது பொதுச் சொல். அது யார் தலையில் விழுந்தது என்று கேட்டால் விடை பொதுவாக இராது. பங்கீட்டுப் பொருளை வாங்கி வருவதும், பழக்கமில்லாத மாவைப் பிசைந்து பிள்ளைகளுக்கு ஊட்டுவதும், தோட்டத்துக் காலித்துண்டுகளிற் கிழங்கும் தானியமும் பயிரிடுவதும் மலையேறிக் கொழுந்தெடுத்துவிட்டு வந்த பெண்ணின் மேலதிக வேலைகளாயின. அவளது உழைப்புநாள் இருமுனையிலும் நீண்டது.

1944 இல் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் பேராதனைக்கு வந்தது. அதனோடு சீருடை அணிந்த பிரித்தானிய, அமெரிக்கப் பெண்களும் கண்டிக்கு வந்தனர். பிற்காலத்திற் சமையற்கலை நூல்களாற் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அவர்களுள் ஒருவர். அமெரிக்க உளவுப் பிரிவின் ஆவணப் பகுதியில் அவர் பணியாற்றினார். போர் பெண்ணுக்குப் புதிய வேலையும் புதிய மதிப்பும் தந்தது என்ற கூற்று அவரது வாழ்வுக்குப் பொருந்தும். அதே மாகாணத்தில், அதே மாதங்களில் கூடை சுமந்த பெண்ணுக்குப் போர் புதிய வேலை எதையும் தரவில்லை. பழைய வேலையையே மிகுதியாகத் தந்தது. பேரரசு ஒன்றின் போர் முயற்சி இருவகைப் பெண்களை எதிரெதிரான முறையில் நடத்தியமை தற்செயலன்று. ஒருத்தி ஆளும் நாட்டின் பிரசை, மற்றவள் ஆளப்பட்ட நாட்டின் கூலி.

4

உழைப்பின் தேவை இவ்வளவு உயர்ந்தபோது உழைத்தவளின் நிலை ஏன் உயரவில்லை? நமக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

முதலாவது, கூலி. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டம் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை உறுதிசெய்யும் பொறிமுறையை உருவாக்கியது. அது ஒரு முன்னேற்றமே. ஆயின் தோட்டத்துறையில் ஆண், பெண், சிறுவர் என மூன்று வேறு விகிதங்களில் கூலி நிர்ணயிக்கும் வழக்கத்தை அது நீக்கவில்லை. அதற்குச் சட்ட வடிவமே கொடுத்தது. குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பேர். போர் முடிந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 1984 இல், தொழிற்சங்கங்களின் போராட்டத்தை அடுத்தே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது.

இரண்டாவது, கூலியின்மீதான அதிகாரம். பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ சகோதரனோ சென்று பெற்றுக்கொள்வது தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கு. உழைப்புச் சந்தையில் அவள் தொழிலாளி. சம்பளத் தினத்தில் ஒரு குடும்பத்தின் அங்கம். முதலாளித்துவமும் குடும்பத் தலைமையும் ஒன்றுக்கொன்று முரணின்றி ஒத்துழைத்தமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

மூன்றாவது, அமைப்பு. 1939 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது; 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார்; அதே ஆண்டில் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களுடன் உடன்படிக்கைக்கு வர நேர்ந்தது. தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் வீறுமிக்க காலம் அது. வேலைநிறுத்தம் எதுவும் பெண்கள் மலையேற மறுக்காமல் வென்றிருக்க முடியாது. எனினும் தலைவர் வரிசையிற் பெண்கள் அரிதாகவே இடம்பெற்றனர். இதனை இயக்கத்தின் வளர்ச்சிக்குறை என்று மட்டும் சொல்லித் தப்பிவிட இயலாது. வர்க்க ஒற்றுமையின் பெயரால் வர்க்கத்தின் பாதியினது குரல் ஒத்திவைக்கப்பட்டது என்பதே உண்மை.

இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய நான்காவது நிகழ்ச்சி போருக்குப் பின்னர் வந்தது. 1931 இற் கிடைத்த சர்வசன வாக்குரிமை, கட்டுப்பாடுகளுடனேனும், தோட்டப் பெண்ணையும் வாக்காளராக்கியிருந்தது. 1947 தேர்தலில் மலையக வாக்குகள் தம் வலிமையைக் காட்டின. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனை அடுத்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வுரிமையைப் பறித்தன. ஐரோப்பாவில் போர் முடிந்ததும் பெண் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். இங்கு அவளைத் தேயிலை மலையிலிருந்து எவரும் அனுப்பவில்லை. அவள் அங்கு தேவைப்பட்டாள். அவள் அனுப்பப்பட்டது அரசியல் சமுதாயத்திலிருந்து. உழைப்பு தொடர்ந்தது, உழைத்தவள் நாடற்றவளானாள். போர்க்கால உழைப்பு உரிமையைத் தரும் என்ற பொதுக்கூற்றுக்கு இதனிற் கடுமையான மறுப்பு வேண்டுவதில்லை.

5

இவ்வாறாயின் போரினாற் தமிழ்த் தொழிலாளப் பெண்ணின் நிலை எங்குமே அசையவில்லையா? இலங்கை இறப்பருக்குத் திடீர் முக்கியத்துவம் தந்த அதே மலாயா வீழ்ச்சியின் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். இலங்கையின் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாவின் பால்மரக் காடுகளுக்குச் சென்ற பெண்கள் அங்கே யப்பானிய ஆட்சியின்கீழ் இருந்தனர். அவர்களது ஆடவர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பலர் மீளவில்லை. தோட்டங்களிற் பெண்களே பசியோடு போராடிக் குடும்பங்களைக் காத்தனர்.

இச்சூழலிலேதான் 1943 ஒக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. சுபாஸ் சந்திர போஸ் அமைத்த அப்படைக்கு மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை தாங்கினார். அதிற் சேர்ந்தோருட் கணிசமானோர் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணை ஒருநாளும் காணாதவர்கள். அவர்களுக்குச் சீருடையும் துப்பாக்கிப் பயிற்சியும் கல்வியும் கிடைத்தன. தோட்டத்துப் பெண்ணும் வழக்கறிஞர் வீட்டுப் பெண்ணும் ஒரே வரிசையில் நின்றனர். மலையகத்திற் போர் செய்யாத ஒன்றை அது அங்கு செய்தது: குடும்பத்தின் அங்கம் என்ற நிலையிலிருந்து பெண்ணைப் பிரித்து, தன் பெயரால் ஓர் அமைப்பின் உறுப்பினளாக்கியது.

இதனைப் போற்றுங்கால் இதன் முரண்களையும் மறத்தலாகாது. தந்தையரையும் அண்ணன்மாரையும் இரயில் பாதைக்குப் பலியிட்ட அதே ஆட்சியின் ஆதரவிலேயே மகளிர் அணிவகுத்தனர். 1945 இற் படை கலைந்தபின் அவரவர் வர்க்கமே அவரவர் எதிர்காலத்தை நிர்ணயித்தது. லட்சுமி இந்தியாவில் இடதுசாரி இயக்கத்தின் மூத்த தலைவர்களுள் ஒருவரானார். ஜானகி தேவர் 1946 இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் உருவானபோது அதிற் பங்குகொண்டார். ராசம்மா பூபாலன் ஆசிரியராகி, பெண் ஆசிரியர் தொழிற்சங்கத்தின் மூலம் சமகூலிக்காகப் போராடினார். தோட்டத்திலிருந்து வந்தவர்களிற் பெரும்பாலோர் தோட்டத்துக்கே மீண்டனர். அவர்களது பெயர்களை வரலாறு பேணவில்லை. போர் திறந்த கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. கல்வியும் உடைமையும் உள்ளோரே அதனைத் திறந்தபடி வைத்திருக்க முடிந்தது.

6

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு நமது புனைவிலக்கியத்தை நோக்குமிடத்து வியப்பே மிஞ்சுகிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935) தமிழ் வாசகனுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணை அறிமுகப்படுத்திய முதன்மையான படைப்பு. அதன் மருதி மீது ஆசிரியர் கொண்ட கோபமும் பரிவும் மறுக்கவொண்ணாதவை. எனினும் மருதி வழியாக நிலைபெற்ற படிமம் துன்புறும் பெண் என்பதே. அவளது உடல்மீது நிகழ்த்தப்படும் கொடுமை கதையாகிறது; அவளது உழைப்பு பின்னணியாகவே நின்றுவிடுகிறது. பின்வந்த மலையகக் கதைகள் பலவும் இப்படிமத்தையே வழிவழியாகப் பேணின.

போரையே களமாகக் கொண்ட நாவல்களைப் பார்ப்போம். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகியவை இரண்டாம் உலகப் போர்க் காலத் தென்கிழக்காசியத் தமிழரைப் பற்றி எழுந்த சிறந்த ஆக்கங்கள். அவற்றின் மொழியாளுமையும் நகர வாழ்வுச் சித்திரிப்பும் தமிழ் நாவலுக்குப் புதிய எல்லைகளைத் தந்தன. ஆனால் அவை வட்டிக்கடைகளின், வணிகத் தெருக்களின் உலகம். செல்லையா படைக்குச் சென்று மீள்கிறான். மரகதம் தந்தையின் முடிவுக்குக் காத்திருக்கிறாள். போர் ஆணுக்கு அனுபவம், பெண்ணுக்குக் காத்திருப்பு என்ற பங்கீடு இங்கு கேள்விக்கு உட்படுவதில்லை. தாலி கட்டிய ஆடவனைச் சயாமுக்குப் பறிகொடுத்துவிட்டு மறுநாள் பால்வாளி தூக்கிய பெண் அந்நாவல்களின் மையத்தில் இல்லை. அவளை அறியாமை ஆசிரியரின் தனிப்பட்ட குறையன்று. அவர் நின்ற தளத்திலிருந்து தெரிந்த காட்சி அவ்வளவே. சயாம் இரயில் பாதை பற்றிப் பிற்காலத்தில் மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் எழுதிய நாவல்கள் தொழிலாளரைக் களத்துக்குக் கொணர்ந்தன; அவற்றின் அரிய பங்களிப்பு அது. ஆயினும் இரயில் பாதையே கதையின் முதுகெலும்பாகுமிடத்து மடிந்த ஆடவரே காவிய மாந்தராகின்றனர்.

நமது மலையகத்தில் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) பெண்ணொருத்தி எழுதிய தோட்ட நாவல் என்ற வகையிற் தனிக் கவனத்துக்குரியது. தலைமுறைகளின் ஊடாகத் தோட்ட வாழ்வைக் காணும் அதன் நோக்கு, பெண்ணின் அன்றாடத்தை வரலாற்றோடு இணைக்க முயன்ற தொடக்க முயற்சிகளுள் ஒன்று. இன்னும் முன்னே சென்றால், 1940 இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூலை வெளியிட்ட மீனாட்சியம்மாள் நடேசையரைக் காண்கிறோம். மேடைகளிற் பாடித் தொழிலாளரைத் திரட்டிய அப்பெண்ணின் முயற்சி, பாட்டு என்னும் வடிவம் எழுத்தறியாதாரின் அரசியலுக்கு எத்துணை உகந்தது என்பதை உணர்த்தும். ஆயின் நூலின் தலைப்பே காட்டுவதுபோல, அங்கு முதன்மை பெறுவது ஒரு சமூகத்தின் அரசியல் நிலை. அச்சமூகத்துக்குள் பெண்ணின் நிலை அதற்குள் அடங்கிப்போகிறது.

வடிவம் பற்றிய இக்குறிப்பு முக்கியமானது. நாவல் மத்தியதர வர்க்கத்தின் வடிவமாக வளர்ந்தது என்பதைக் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) விரிவாக எடுத்துக்காட்டியது. பள்ளிக்கூடம் ஓரிரு வகுப்புக்களோடு முடிந்துபோன தோட்டத்தில், 1942 இன் பெண்ணுக்கு நாவல் கிட்டியிராது. அவளுக்குக் கிட்டியவை தாலாட்டு, கொழுந்துப் பாட்டு, ஒப்பாரி. சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்தது பெருந்தொண்டு. அவற்றை நாட்டார் வழக்காறு என்று பெயரிட்டுக் காலமற்ற பொருளாக வைத்துவிட்டது நமது திறனாய்வு. அரிசி மறைந்து மா வந்த காலம் எது, கங்காணியின் இடத்துக்குச் சங்கத் தலைவர் வந்த காலம் எது என்ற வினாக்களோடு அப்பாடல்களைக் காலவரிசைப்படுத்தி வாசிக்கும் பணி ஆராய்ச்சி மாணவருக்காகக் காத்திருக்கின்றது.

7

எழுத்தும் அமைப்பும் கைவசமாகும்போது நிலைமை எவ்வாறு மாறும் என்பதற்குப் பிற்காலப் போர் ஒன்று சான்று பகர்கிறது. 1983 இன் பின்னர் வடக்குக் கிழக்கிற் போர் மூண்டு மூன்று ஆண்டுகளுக்குள், 1986 இல், பெண்களின் கவிதைகள் 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுப்பாக யாழ்ப்பாணத்தில் வெளிவந்தன. கல்வி பெற்றிருந்த ஒரு பெண் தலைமுறை போரையும் குடும்பத்தையும் தன் சொல்லாலேயே விசாரணைக்கு உட்படுத்தியது. அப்போரிலும் பெண்கள் ஆயுதம் ஏந்தினர். 2009 இல் அது முடிந்தபோது பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பெண்களே தலைவராயினர். குடும்பத் தலைமை என்ற சுமை வந்ததே அன்றி, அதற்குரிய நிலமும் வருவாயும் உரிய அளவில் வரவில்லை. உழைப்பின் பரப்பு விரிவதும் அதிகாரம் கைமாறுவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்ற உண்மையை இரண்டு போர்களும் நமக்குக் கற்பிக்கின்றன.

எனவே நமது முடிவு இதுவாகும். போர் பெண்ணை உழைப்புக்கு அழைத்தது என்பது அரைவாசி வரலாறு. தன் கூலி தன் கையில் வந்து சேர்கிறதா, தன் பெயரால் அமைப்பில் அமர்கிறாளா, தான் உழைக்கும் நாட்டின் பிரசையாக எண்ணப்படுகிறாளா என்ற மூன்று வினாக்களையும் கேட்டாலன்றி மற்றைய அரைவாசி புலப்படாது. முற்போக்கு இலக்கியம் தோட்டப் பெண்ணின் கண்ணீரை எழுதியிருக்கிறது; அக்கண்ணீர் பொய்யன்று. இனி எழுதப்படவேண்டியது அவளது கணக்கு: எத்தனை இறாத்தல், எத்தனை அரைப்பேர், யார் கையிற் சேர்ந்தது என்ற கணக்கு. அதனை எழுதும் நாவலாசிரியனுக்கும் வாசிக்கும் திறனாய்வாளனுக்கும் ரிவர்ஸ்டன் சாரல் ஓர் அழகிய காட்சியாக மட்டும் தோன்றாது.